யாழ்ப்பாணத்தில் குடியியற் கல்வி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாக்குரிமை, தேர்தல், ஆட்சிமுறை பற்றிய கல்வி பெரிதும் வகுப்பறைக்கு வெளியே, மாணவர் இயக்கம் ஒன்றிலேயே வளர்ந்தது. ஹண்டி பேரின்பநாயகமும் (1899–1977) தோழர்களும் 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸே அது. பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது.

அக்காலத்தில் வாக்களிக்கச் சொத்தும் எழுத்தறிவும் வேண்டும். இலங்கையரில் ஏறத்தாழ 4 வீதத்தினருக்கே அந்த வாய்ப்பு. வாக்கில்லாத இளைஞர்கள் ஆண்டுதோறும் மாநாடு கூடினர். தீர்மானத்தை ஒருவர் முன்மொழிய, மற்றவர் வழிமொழிய, விவாதித்து நிறைவேற்றினர். சுயராச்சியம், தாய்மொழிக் கல்வி, தீண்டாமை ஒழிப்பு எல்லாம் அங்கே பேசப்பட்டன. பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கேட்டு நின்றதே இவ்வியக்கத்தின் மிகத் துணிந்த செயல். 1927 நவம்பரில் காந்தியடிகள் இவர்களின் அழைப்பை ஏற்று யாழ்ப்பாணம் வந்தார்.

பிரித்தானிய ஆட்சி கொண்டுவந்த டொனமூர் அரசியலமைப்பு 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை தந்தது. இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் வதிவிட நிபந்தனைகள் இருந்தன. மூத்த தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவர். காங்கிரஸின் குறை வேறு: முழுச் சுயராச்சியம் கிடைக்கவில்லை என்பது. 1931 ஏப்ரலில் இந்திய விடுதலை இயக்கத் தலைவி கமலாதேவி சட்டோபாத்தியாய தலைமை வகித்த மாநாடு, புதிய அரசியலமைப்பின் கீழான தேர்தலைப் பகிஷ்கரிக்க முடிவுசெய்தது. மே 4, வேட்புமனு நாள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளுக்கும் ஒரு மனுக்கூட வரவில்லை. பகிஷ்கரிப்பு இனவாத நோக்குடையது என்ற பிற்காலக் கூற்று பொருந்தாது. தென்னிலங்கையும் சேர்ந்துகொள்ளும் என்றே இளைஞர்கள் நம்பினர். அது நடக்கவில்லை. 1934இல் அத்தொகுதிகளுக்கு இடைத்தேர்தல்கள் வந்தன, பருத்தித்துறையில் தமிழ் அரசியல்வாதி ஜீ. ஜீ. பொன்னம்பலம் வென்றார்.

பாடசாலைகளில் தனிப்பாடமாக இருந்த குடியியல், 1972 சீர்திருத்தத்தில் சமூகக் கல்விக்குள் அடங்கியது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் வாக்களிப்பே அரிதாயிற்று. 2005 சனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களித்தோர் 1.2 வீதம்தான்.

இன்று குடியுரிமைக் கல்வி தனிப்பாடம். மாணவர் பாராளுமன்றத்துக்குப் பிள்ளைகளே வாக்களித்து உறுப்பினரைத் தெரிவுசெய்கின்றனர். வெளித்தேர்தல் இன்னும் சிக்கலானது: பாராளுமன்ற வாக்குச்சீட்டில் கட்சிக்குப் புள்ளடியிட்ட பின் வேட்பாளர் இலக்கங்களில் அதிகபட்சம் மூன்றுக்கு விருப்பு வாக்கு அளிக்கலாம். மாகாணசபை பற்றியும் மாணவர் படிக்கின்றனர். ஆயினும் வடக்கு மாகாணசபைக்கு 2013 செப்டெம்பர் 21இல் ஒரே ஒரு தேர்தல்தான் நடந்துள்ளது. அச்சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது.