பிரோன் மாளிகை

பிரோன் மாளிகை பாரிசு மாநகரின் ஏழாம் வட்டத்தில், வரேன் தெருவில் 77ஆம் இலக்கத்தில் உள்ளது. இன்று ரோடின் அருங்காட்சியகம் இயங்குவது இக்கட்டடத்தில்தான். பிரெஞ்சு மொழியில் இதன் பெயர் 'ஓட்டெல் பிரோன்'. தமிழில் ஓட்டல் என்றதும் சாப்பாட்டுக் கடையோ தங்கும் விடுதியோதான் நினைவுக்கு வரும். பிரெஞ்சு வழக்கில் நகரத்துச் செல்வர் ஒருவர் தம் குடும்பத்துடன் வாழக் கட்டிய தனி மாளிகைக்கும் 'ஓட்டெல்' என்றே பெயர். இத்தகைய மாளிகைகள் பெரும்பாலும் முன்புறம் முற்றம், பின்புறம் தோட்டம், நடுவில் வீடு என்ற அமைப்பில் இருக்கும்.

இதைக் கட்டுவித்தவர் பிரபு வம்சத்தவர் அல்லர். பொய்ம்முடி செய்யும் தொழிலிலிருந்து மேலேறி வந்த அபிராம் பெரேன் தெ மொராஸ் என்பவர் அவர். ஸ்காட்லாந்துக்காரரான ஜான் லா 1719-20 காலத்தில் பிரான்சில் நடத்திய காகிதப் பண, பங்குப் பரிசோதனையில் பல்லாயிரம் பேர் கைப்பொருளை இழந்தனர். சரியான நேரத்தில் விலகிப் பெருஞ்செல்வர் ஆன சிலரில் பெரேனும் ஒருவர். (லாவின் நிறுவனம் 1719இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியையும் தன்னுள் இணைத்துக்கொண்டது. அக்காலத்தில் புதுச்சேரி அந்தக் கம்பெனியின் கையில்தான் இருந்தது.) கட்டடக் கலைஞர் ழான் ஓபேர் தலைமையில் 1720களின் இறுதியில் வேலை தொடங்கியது. பக்கத்துச் சுவரோடு ஒட்டாமல் நான்கு புறமும் திறந்து நிற்கும் இந்த வீடு, நகரத்து வீடு என்பதைவிட நாட்டுப்புற அரண்மனை போலவே தோன்றும். ஆனால் பெரேனுக்கு அதில் நெடுநாள் வாழக் கொடுத்துவைக்கவில்லை. வீடு முடிந்த கையோடு 1732இல் காலமானார்.

அவருடைய மனைவி வீட்டை மேன் கோமகளுக்கு வாழ்நாள் குத்தகைக்கு விட்டார். பதினான்காம் லூயி மன்னரின் மருமகளான இச்சீமாட்டி 1753இல் மறைந்தார். அவ்வாண்டே மாளிகையை வாங்கியவர் பிரோன் பிரபு லூயி அந்துவான் தெ கோந்தோ. 1745ஆம் ஆண்டு ஃபொந்தெனுவா போரில் பங்கேற்ற படைத்தலைவர் இவர். போர்க்களத்தில் வாழ்ந்தவருக்கு இங்கே தோட்டத்தின் மேல்தான் பற்று. தோட்டத்தை விரிவுபடுத்திப் பெரும் பொருள் செலவிட்டார். மாளிகைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. புரட்சிக்கு ஓராண்டு முன்னர், 1788இல் அவர் இறந்தார். அவருடைய தம்பி மகன் லோசன் பிரபு 1793 டிசம்பரிலும், மனைவி 1794 சூனிலும் கில்லட்டினுக்கு இரையாயினர்.

அதன்பின் கைமாற்றங்கள் விரைவாக நடந்தன. தோட்டம் சில காலம் பொதுமக்கள் கேளிக்கைக்கு வாடகைக்கு விடப்பட்டது. நெப்போலியன் காலத்தில் போப்பாண்டவரின் தூதர் கர்தினால் கப்ராராவும், பின்னர் உருசியத் தூதர் குராக்கினும் இங்கே குடியிருந்தனர்.

1820இல் மதலேன் சோஃபி பரா அம்மையார் நிறுவிய திரு இருதயச் சபை மாளிகையை வாங்கி, மேட்டுக்குடிப் பெண்களுக்கான உறைவிடப் பள்ளியை நடத்தியது. எளிமையை நோன்பாகக் கொண்ட கன்னியர்க்கு ஆடம்பரம் ஆகாது. ஆகவே சுவர்களை அணிசெய்த மரவேலைப்பாடுகளும் கண்ணாடிகளும் பெயர்த்து விற்கப்பட்டன. கலை ஆர்வலர்களுக்கு இது ஆறாத குறை. ஆயினும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டடம் ஆளுள்ள வீடாக இருந்து அழியாமல் நின்றதற்குப் பள்ளியே காரணம் என்பதையும் மறக்கலாகாது.

1904ஆம் ஆண்டுச் சட்டம் துறவற சபைகள் பள்ளி நடத்துவதைத் தடை செய்தது. கன்னியர் வெளியேறினர். சொத்தைத் துண்டு போட்டு விற்கும் வரையில் அறைகள் குறைந்த வாடகைக்கு விடப்பட்டன. தோட்டம் காடாய் வளர்ந்து கிடந்தது. குறைந்த வாடகையும் உயர்ந்த சாளரங்களும் கலைஞர்களை இழுத்தன. ஓவியர் மத்தீஸ், எழுத்தாளர் ழான் காக்தோ, நடனமணி இசடோரா டங்கன் ஆகியோர் இங்கே இடம் பிடித்தனர். செருமன் மொழிக் கவிஞர் ரில்கேயின் மனைவி கிளாராவும் அவர்களில் ஒருவர். ரில்கே ஒரு காலத்தில் சிற்பி ஆகுஸ்ட் ரோடினிடம் செயலராக இருந்து, மனத்தாங்கலில் விலக்கப்பட்டவர். எனினும் 1908இல் இவ்வீட்டின் அழகை அவருக்குக் கடிதத்தில் எழுதியவரும் ரில்கேதான். ரோடின் வந்து பார்த்தார். தரைத்தளத்தில் தோட்டம் நோக்கிய அறைகளை எடுத்துக்கொண்டார்.

இங்கிருந்த காலத்தில்தான், சென்னை அருங்காட்சியகத்து நடராசர் செப்புத் திருமேனிகளின் ஒளிப்படங்கள் ரோடினுக்குக் கிடைத்தன. அவற்றைக் கண்டு 1913 அளவில் அவர் எழுதிய குறிப்புகள், அவர் மறைவுக்குப்பின் 1921இல் 'ஆர்ஸ் ஏசியாட்டிகா' வரிசையில் வெளியாயின. சோழர் சிற்பிகளின் கைவண்ணத்தை ஐரோப்பியச் சிற்பி ஒருவர் உறுப்பு உறுப்பாக வியந்து நோக்கிய எழுத்து அது.

1911இல் அரசு மாளிகையை வாங்கியது. குடியிருப்போர் காலி செய்ய வேண்டிய நிலை வந்தது. ரோடின் ஒரு வழி சொன்னார். தம் சிற்பங்கள், ஓவியங்கள், சேர்த்துவைத்த பழங்காலப் பொருள்கள் அனைத்தையும் நாட்டுக்கே தருவதாகவும், மாளிகையைத் தம் பெயரில் அருங்காட்சியகமாக்கி, உயிருள்ளவரை தம்மை அங்கே இருக்க விட வேண்டும் எனவும் கேட்டார். எழுத்தாளர் ஜூடித் கிளாடெல் முதலானோர் ஆதரவு திரட்டினர். கன்னியர் மடமாக இருந்த இடத்தில் ரோடினின் ஆடையற்ற உருவங்களா என்று எதிர்த்தவர்களும் உண்டு. வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1916 டிசம்பர் 22ஆம் நாள் கொடையை ஏற்கும் சட்டம் நிறைவேறியது. 1917 நவம்பர் 17இல் ரோடின் மறைந்தார். அருங்காட்சியகம் 1919 ஆகத்து 4இல் திறக்கப்பட்டபோது பார்க்க அவர் இல்லை.

மாளிகை 1926இல் வரலாற்றுச் சின்னமாகப் பதிவானது. 2012 முதல் 2015 வரை விரிவாகப் பழுதுபார்க்கப்பட்டது. பெயர்த்து விற்ற மரவேலைப்பாடுகளில் சில மீண்டும் வந்து சேர்ந்துள்ளன. கன்னியரின் சிற்றாலயம் கண்காட்சிக் கூடமாகியது. அவர்களுடைய நிலத்தின் ஒரு பகுதியில் விக்தோர் துருய் பெயரிலான அரசுப் பள்ளி இன்றும் நடக்கிறது.