மிசல்: தெருவுக்குப் போய்வந்த வீட்டுக் கறி

மகாராஷ்டிர உணவான மிசல் பாவை வீட்டில் செய்வது கடைச் சரக்கை நகலெடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். வரலாறு வேறு மாதிரி. மராத்தியில் மிசல் என்றால் கலவை. அதன் அடித்தளமான உசள் எனும் முளைப்பயறுக் கறி முழுக்க வீட்டுச் சமையல். மழை ஏமாற்றும் தக்காண மேட்டிலும் மட்கி, அதாவது நம் நரிப்பயறு, விளைந்துவிடும். இரவு முழுக்க ஊறவைத்து, ஈரத்துணியில் இறுக்கி முடிந்தால், துணியின் இழைகளைத் துளைத்துக்கொண்டு வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். மற்றதெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. மிளகாயும் பாவ் எனும் ரொட்டியும் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தவை. பாவ் என்ற பெயரே அவர்கள் மொழியிலிருந்து வந்ததுதான். மேலே தூவும் ஃபர்சாண் எனும் மொறுமொறு நொறுக்கில் குஜராத்திக் கைமணம்.

தர்ரி என்னும் செவ்வெண்ணெய் மிதக்கும் காரக் குழம்பு பெரிய அடுப்பில்தானே வரும், வீட்டில் ஏது என்று கேட்கலாம். ஆனால் அதன் உயிர் பாத்திரத்தில் இல்லை, மசாலாவில் இருக்கிறது. வெங்காயம், பூண்டு, கொப்பரை, மிளகாய் சேர்த்து இடிக்கும் காந்தா லசூண் மசாலாவை மேற்கு மகாராஷ்டிரப் பெண்கள் கோடையில் வருடத்துக்கே சேர்த்துச் செய்து ஜாடியில் வைப்பார்கள். கடைக்காரர் கடன் வாங்கியது அந்த ஜாடியிலிருந்துதான். சரி, அசல் மிசல் எது? ஊருக்கு ஊர் மாறும். புணேயில் அவல் சேர்ப்பார்கள், காரம் அடக்கம். கோலாப்பூரில் கண்ணீர் வரும். அங்கே பல கடைகளில் தொட்டுக்கொள்ளத் தருவது பாவுகூட அல்ல, சாதாரண ஸ்லைஸ் ரொட்டி.