அடினாய்டு நீக்க அறுவை சிகிச்சையின் வரலாறு

அடினாய்டு என்பது மூக்கின் பின்புறம், உள்நாக்குக்கு மேலே அமைந்துள்ள நிணநீர்த் திசு ஆகும். வாயைத் திறந்து பார்த்தால் இது தெரியாது. மூன்று முதல் ஏழு வயது வரை பெரிதாக இருந்து, பதின்ம வயதில் தானாகவே சுருங்கிவிடும். அளவுக்கு மீறி வீங்கினால் குழந்தை வாயால் மூச்சுவிடும், குறட்டை விடும், நடுச்செவியில் நீர் தேங்கிக் காது மந்தமாகும். பேச்சு வழக்கில் இதை "மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது" என்பார்கள்.

இந்தச் சதையை அகற்றும் அறுவைக்கு ஏறத்தாழ 150 ஆண்டு வரலாறு உண்டு. யாருக்கு அறுவை தேவை, அதைப் பெற்றோருக்கு யார் விளக்குவது என்ற இரு கேள்விகள் அதில் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளன. பல மொழி பேசும் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்திற்கும் இக்கேள்விகள் பொருந்தும்.

தொடக்கம்

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகர மருத்துவர் வில்ஹெல்ம் மேயர், காது மந்தமும் தெளிவற்ற பேச்சும் கொண்ட ஓர் இளம்பெண்ணைப் பரிசோதித்தார். அண்ணத்தின் பின்னால் விரலை விட்டுப் பார்த்தபோது மென்மையான சதைத் திரள் தட்டுப்பட்டது. 1868-இல் இதைப் பற்றி அவர் கட்டுரை வெளியிட்டார். மூக்குத் துளை வழியாக வளையக் கத்தியைச் செலுத்தி, வாய் வழியாக விட்ட விரலால் அதற்கு வழிகாட்டிச் சதையைச் சுரண்டி எடுப்பது அவரது முறை. 1880-களில் யாக்கோப் கோட்ஸ்டைன் வாய் வழியாகவே பயன்படுத்தும் சுரண்டு கருவியை உருவாக்கினார். அறுவை சில நிமிட வேலையானது; வேகமாகப் பரவியது.

1906: நியூயார்க் கலவரம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளி மருத்துவப் பரிசோதனை பரவியபோது, படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்கு அடினாய்டே காரணம் என்ற எண்ணமும் பரவியது. நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில் ஆடைத் தொழிலை நம்பி வாழ்ந்த யூதக் குடியேறிகளின் பிள்ளைகள் சிலருக்குப் பள்ளியிலேயே அறுவை நடந்தது. "மருத்துவர்கள் பிள்ளைகளின் கழுத்தை அறுக்கிறார்கள்" என்ற வதந்தி கிளம்பியது. 1906 ஜூன் 27 அன்று ஆயிரக்கணக்கான தாய்மார்கள் பள்ளிகளை முற்றுகையிட்டனர். ரஷ்யப் பேரரசில் யூதர்கள் படுகொலை செய்யப்பட்ட செய்திகள் வந்துகொண்டிருந்த நேரம் அது. அந்தத் தாய்மார்கள் பேசியது இத்திய மொழி. அதிகாரிகள் பேசியது ஆங்கிலம். அறுவையின் நோக்கம் அவர்களுக்குச் சரிவரப் போய்ச் சேரவில்லை.

அறுவையின் மீது ஐயம்

பின்னர் டான்சிலும் அடினாய்டும் ஒரே அறுவையில் வழக்கமாக அகற்றப்பட்டன. நியூயார்க்கில் 1934-இல் வெளியான ஓர் ஆய்வு 1,000 பள்ளிப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. அவர்களில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் அகற்றப்பட்டிருந்தது. எஞ்சிய 389 பேரில் 174 பேருக்கு அறுவை தேவை என்றனர் மருத்துவர்கள். தேவையில்லை எனப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் அனுப்பியபோது, அவர்கள் 99 பேரைத் தேர்ந்தெடுத்தனர். மூன்றாம் முறையும் இதே கதை. இறுதியில் 65 பேர் மட்டுமே மிஞ்சினர். நோயைவிட மருத்துவரின் வழக்கமே முடிவைத் தீர்மானித்தது என்பதை இந்த எண்கள் காட்டின.

இன்று தூக்கத்தில் மூச்சுத் தடை, நீங்காத நடுச்செவி நீர் போன்ற தெளிவான காரணங்களுக்கே அறுவை பரிந்துரைக்கப்படுகிறது. பலருக்குச் சில மாதக் கண்காணிப்போ மூக்குத் தெளிப்பு மருந்தோ போதும். அறுவை தேவைப்பட்டால், முழு மயக்கத்தில், எண்டோஸ்கோப் உதவியுடன் செய்ய முடிகிறது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம்

இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான் ஆலை திறக்கப்பட்டது. தமிழகத் தொழிலாளர்களுடன் ஒடிசா, பீகார் போன்ற மாநிலத்தவரும் இங்கு வேலை செய்கின்றனர். ஈ.எஸ்.ஐ. திட்டப்படி காப்பீடு பெற்ற தொழிலாளியின் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி உண்டு. அதற்கான ஊதிய உச்சவரம்பு 2017 ஜனவரியில் மாதம் ரூ.21,000 ஆக உயர்த்தப்பட்டது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் நடுச்செவி அழற்சியையும் கேள்விக் குறைபாட்டையும் பரிசோதிக்கின்றன. அடினாய்டுப் பிரச்சினை வெளிப்பட இது ஒரு வாயில்.

அதன் பின் தேவைப்படுவது பெற்றோரின் ஒப்புதல். சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், ஆபத்துகள் ஆகியவற்றைப் போதுமான அளவு விளக்கிய பிறகு பெறும் ஒப்புதலே செல்லும் என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒடியா மட்டுமே அறிந்த தாய், தமிழில் உள்ள படிவத்தில் கைநாட்டு வைத்தால் அந்த விளக்கம் அவரைச் சேராது. 1906-இல் நியூயார்க் தாய்மார்களிடம் விட்டுப்போனதும் இதுவே. குழந்தைக்கு அறுவை ஏன், காத்திருந்தால் என்ன ஆகும் என்பதைத் தாயின் மொழியில் சொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.