பகிர்ந்து வளர்ந்த ஒளி: பொது நுண்ணோக்கிக் கூடங்களின் வரலாறு

மருத்துவ ஆய்வுக்குப் பயன்படும் உயர்தர ஒளிர்வு நுண்ணோக்கி ஒன்றின் விலை பல லட்சம் டாலர். ஒவ்வோர் ஆய்வுக் குழுவும் தனித்தனியே ஒன்று வாங்குவது நடவாத காரியம். ஆகவே, பல்கலைக்கழகங்களும் ஆய்வுக் கழகங்களும் அவற்றை ஒரு பொதுக்கூடத்தில் வைக்கின்றன. புற்றுநோயை ஆராய்பவரும் மூளை நரம்பை ஆராய்பவரும் மணிக்கணக்கில் முன்பதிவு செய்து, முறைவைத்துப் பயன்படுத்துகின்றனர். சிங்கப்பூரில் 2003ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பயோபொலிஸ் வளாகமும் ஆய்வுக் கழகங்கள் அருகருகே இருந்து வசதிகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற நோக்கத்தோடு எழுந்ததுதான்.

பணத்தை மிச்சப்படுத்த வந்த ஏற்பாடு என்றே பலர் இதைக் கருதுகின்றனர். அது மட்டும்தானா? இக்கருவியின் வரலாற்றைப் பார்த்தால், ஒருவர் கண்டதை இன்னொருவர் கையில் கொடுத்துத்தான் இத்துறை வளர்ந்திருக்கிறது. அப்படிக் கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதும் அந்த வரலாற்றில் உண்டு.

தொல்லை கருவியான கதை

மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கப்பட்ட குவினைன் கரைசலில் புற ஊதாக் கதிர் பட்டால் அது நீல நிறத்தில் ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத கதிரை உள்வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளிவிடும் இந்த இயல்பை 1852ஆம் ஆண்டில் விளக்கியவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். ஃபுளோர்ஸ்பார் என்ற கனிமத்தின் பெயரிலிருந்து 'ஃபுளோரசன்ஸ்' என்ற சொல்லை உருவாக்கியவரும் அவரே.

1904ஆம் ஆண்டில் ஜெர்மனியின் யெனா நகரில், ஸைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஆகஸ்ட் கோலர் புற ஊதாக் கதிரில் இயங்கும் நுண்ணோக்கியை வெளியிட்டார். நுண்ணிய பொருள்களை இன்னும் தெளிவாகக் காண்பதே நோக்கம். ஆனால், வைத்த பொருள்களே தாமாக ஒளிர்ந்து படத்தைக் கெடுத்தன. அந்தத் தொல்லையையே கருவியாக்கி, அடுத்த 10 ஆண்டுகளுக்குள் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஒளிர்வு நுண்ணோக்கிகள் செய்யப்பட்டன.

இதை மருத்துவத்திற்குக் கொண்டுவந்தவர் ஹார்வர்டைச் சேர்ந்த மருத்துவர் ஆல்பர்ட் கூன்ஸ். நம் உடலின் எதிர்ப்பொருள், தனக்குரிய கிருமியை மட்டும் தேடிப் பிடிக்கும். அதன்மேல் ஒளிரும் சாயத்தை ஏற்றிவிட்டால், கிருமி இருக்கும் இடம் இருட்டில் விளக்கு வைத்ததுபோல் தெரியும் அல்லவா? மருத்துவர் கேட்ட கேள்விக்குச் சாயத்தை ஒட்டும் வழியைச் சொல்ல வேதியியலாளர்கள் துணைநின்றனர். 1941ஆம் ஆண்டில் அவர்கள் கூட்டாக அதைச் செய்து காட்டினர். சிறுநீரகத் திசுவில் நோயைக் கண்டறிய இந்த முறை இன்றும் பயன்படுகிறது.

கடலில் கிடைத்த பச்சை விளக்கு

இந்தச் சாயங்களுக்கு ஒரு குறை இருந்தது. உயிரணுவின் உட்பகுதியில் உள்ளதைக் காண, பெரும்பாலும் அதைக் கொன்று பதப்படுத்திய பிறகே சாயமேற்ற முடியும். உயிரோடு பார்க்க வழி செய்தது ஒரு ஜெல்லி மீன்.

ஜப்பானியரான ஒசாமு ஷிமோமுரா 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபிரைடே ஹார்பர் கடற்கரையில், ஒளிரும் ஜெல்லி மீன்களைப் பிடிக்கத் தொடங்கினார். அந்த ஒரு கோடைக்காலத்தில் மட்டும் ஏறக்குறைய 10,000 மீன்கள். பயனில்லை என்று தொட்டியில் ஊற்றிய சாறு, அங்கிருந்த கடல்நீரோடு கலந்ததும் பளிச்சென்று நீல ஒளி வீசியது. கடல்நீரில் உள்ள கால்சியமே காரணம் என்று கண்டார். 1962ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையில், அதே மீனில் பச்சையாய் ஒளிரும் இன்னொரு புரதமும் குறிப்பிடப்பட்டது.

அந்தப் பச்சைப் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்தவர் டக்ளஸ் பிராஷர். வுட்ஸ் ஹோல் கடலியல் கழகத்தில் பணியாற்றிய அவர், 1992ஆம் ஆண்டில் அதை வெளியிட்டார். அதற்குள் அவருடைய நிதியுதவி தீரும் நிலை. அடுத்த விண்ணப்பமும் ஏற்கப்படவில்லை. தம்மால் தொடர முடியாத வேலையைப் பூட்டி வைக்க அவர் நினைக்கவில்லை. கேட்டிருந்த மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சியெனுக்கும் மரபணுவை அனுப்பி வைத்தார். 1994ஆம் ஆண்டில் சால்ஃபி, உயிருள்ள புழுவின் நரம்பணுக்களைப் பச்சையாக ஒளிர வைத்துக் காட்டினார். சியென் அந்தப் புரதத்தைப் பல வண்ணங்களில் மாற்றி அமைத்தார்.

2008ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு ஷிமோமுரா, சால்ஃபி, சியென் ஆகிய மூவருக்கும் கிடைத்தது. அப்போது பிராஷர், அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரில், கார் விற்பனை நிலையம் ஒன்றில் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். சால்ஃபியும் சியெனும் தங்கள் செலவில் அவரையும் அவர் மனைவியையும் பரிசளிப்பு விழாவுக்கு அழைத்தனர். பின்னர் அவருக்குச் சியெனின் ஆய்வகத்திலேயே வேலை கிடைத்தது. நன்றி மறவாத செயல்தான். ஆனால், கொடுத்தவர் ஆய்வுத் துறையிலிருந்தே விலகிப் போகும்வரை அவரைத் தாங்கிப் பிடிக்க ஓர் ஏற்பாடு இல்லாமல் போயிற்றே!

முறைவைத்துப் பார்க்கும் கூடம்

ஒளிரும் புரதம் எல்லாருக்கும் கிடைத்தது. அதைப் பார்க்கும் கருவியோ எட்டாத விலைக்குப் போனது. உயிரணுவை மெல்லிய அடுக்கு அடுக்காகப் படமெடுக்கும் கன்ஃபோகல் நுண்ணோக்கிக்கு மார்வின் மின்ஸ்கி 1957ஆம் ஆண்டிலேயே காப்புரிமை கோரியிருந்தார். 1980களில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் லேசர் ஒளியைக் கொண்டு அதை உயிரியலுக்கு ஏற்றதாக மாற்றிய பிறகே அது ஆய்வகங்களில் பரவியது. அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகங்கள் 1982ஆம் ஆண்டில் பொதுக் கருவிகளுக்கான நிதித் திட்டத்தைத் தொடங்கியிருந்தன. அதில் ஒரு நிபந்தனை உண்டு: குறைந்தது 3 ஆய்வாளர்கள் சேர்ந்து பயன்படுத்த வேண்டும். இத்தகைய திட்டங்களால் பொதுக்கூடங்கள் பெருகின.

இன்னொரு சான்றும் உண்டு. எரிக் பெட்ஸிக், ஹெரால்ட் ஹெஸ் ஆகிய இருவரும் வேலையில்லாத காலத்தில், 2005ஆம் ஆண்டில், லா ஹோயாவில் உள்ள ஹெஸ்ஸின் வீட்டு வரவேற்பறையில் புதுவகை நுண்ணோக்கி ஒன்றைக் கட்டினர். அதற்குத் தேவையான ஒளிரும் புரதமும் உயிரணுக்களும் அவர்களிடம் இல்லை. தேசியச் சுகாதாரக் கழகங்களைச் சேர்ந்த ஜெனிஃபர் லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸின் ஆய்வகம் கைகொடுத்தது. 2006ஆம் ஆண்டில் முடிவுகள் வெளிவந்தன. 2014ஆம் ஆண்டில் பெட்ஸிக் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதே 2014இல், வர்ஜீனியாவின் ஜெனீலியா வளாகத்தில் ஒரு பொதுக்கூடம் திறக்கப்பட்டது. சந்தைக்கு வராத புதிய நுண்ணோக்கிகளை வெளி ஆய்வாளர்கள் கட்டணமின்றிப் பயன்படுத்த அது வழிவிட்டது. கருவியின் விலை அல்ல, கேள்வியின் தரமே அங்கு நுழைவுச்சீட்டு.

விளக்கைக் காப்பவர்கள்

இப்படிப்பட்ட கூடம் தானாக நடப்பதில்லை. பழைய பாதரச விளக்கின் ஆயுள் சுமார் 200 மணி நேரம். எத்தனை மணி எரிந்தது என்று ஒருவர் குறித்து வர வேண்டும். லேசரின் பாதை நகர்ந்துவிட்டால் திருத்த வேண்டும். ஒளியைக் கூட்டினால் சாயம் வெளுத்துப்போகும், உயிரணுவும் சாகும் என்பதைப் புதியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். கண்ணைக் கவரும் படம் சரியான அளவீடு ஆகாது என்று எச்சரிப்பவரும் அவரே. ஆனால், கட்டுரை வெளியாகும்போது அவர் பெயர் இடம்பெறாமல் போவதுண்டு. கூடத்தின் நிதி குறைந்தால், அவருடைய வேலையும் ஆட்டம் காணும்.

இந்தக் குறையை உணர்ந்து, 2019ஆம் ஆண்டில் சான் ஸக்கர்பெர்க் அமைப்பு, கருவிக்கு என்று இல்லாமல், பொதுக்கூடங்களில் பணியாற்றும் நுண்ணோக்கி வல்லுநர்களுக்கே நிதி வழங்கத் தொடங்கியது.

ஊர் கூடித்தான் தேர் இழுக்கிறோம். தேர் நிலைக்கு வந்ததும், சக்கரத்துக்குக் கட்டை போட்டவரை மறந்துவிடக் கூடாது. பொதுவில் ஒரு கருவியை வாங்கி வைப்பது முதல் பாதி வேலை. அதைக் காப்பவருக்கு நிலையான ஊதியமும் உரிய பெயரும் கொடுப்பது அடுத்த பாதி. அந்த இரண்டாம் பாதியைச் செய்யத் தவறினால், இன்னொரு பிராஷரை நாம் வேன் ஓட்டும் இருக்கையில்தான் தேட வேண்டியிருக்கும்.