துச்சிலும் புக்கிலும்

சென்ற ஆனித் திங்களில், பொருநைக் கரையூரினராகிய நம் உறவினர் ஒருவர் என் இல்லம் போந்தனர். அவர்தம் மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருந்தது. வேலைக்குரிய உத்தரவும் விமானச் சீட்டும் கைக்கு வந்துவிட்டன. தலை சாய்க்க ஓர் அறை மாத்திரம் அமையவில்லை. வீட்டுக்காரர் சிலர், பையன் சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் முன்னரே அவன் எந்நாட்டான், எவ்வினத்தான் என்று கேட்டு மறுத்துவிட்டனராம். "அண்ணாச்சி, அங்கே நம்மவர் விலாசம் ஒன்று கிடைக்குமா?" என்றார் அவர். என்னிடம் விலாசம் இல்லை. நம் நாட்டார் முன்னாளில் அந்நகரத்தே கூரை தேடிய வரலாறு ஒருவாறு தெரியும். அதனையே நம் சங்கத்து அன்பர்கட்கு ஈண்டு எழுதலானேன்.

திருக்குறளின் நிலையாமை அதிகாரத்தில் துச்சில், புக்கில் என்னும் இரு சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. துச்சில் ஒதுக்குக்குடி, புக்கில் புகுந்தபின் நிலைத்துறையும் இல். உயிர்க்கும் உடம்புக்கும் உரைத்த அச்சொற்கள் கடல் கடந்த தமிழர்க்கும் நன்கு பொருந்துவன.

சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் நகரத்தார் அமைத்த கிட்டங்கிகள் பெயர் பெற்றவை. கிட்டங்கி என்பது கிடங்கென்னும் பொருளது. நீண்ட கூடம் ஒன்றில் லேவாதேவிக் கடைகள் பல வரிசையாக இருக்கும். கடை ஒன்றுக்கு ஒரு கணக்குப் பெட்டியும் அதன் முன் ஒரு பாயுமே இடம். பகலிற் கணக்கெழுதிய இடமே இரவிற் படுக்கை. சமையல் பொது. ஊரினின்று புதிதாக வந்திறங்கும் பெட்டியடிப் பையன் வீடு தேடி அலைய வேண்டுவதில்லை. முன்பணம் இல்லை, பிணை கேட்பார் இல்லை, ஊரும் கோயிலும் குடும்பமுமே பிணை. 1859-இல் டாங்க் சாலையில் அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் இன்றும் உளது. மூன்றாண்டு அளவில் ஒரு கணக்கு முடியும். ஆடவர் ஊர் திரும்புவர். மனைவியரோ செட்டிநாட்டுப் பெருமனைகளிலே காத்திருந்தனர். ஆகவே, எத்துணை வசதி பொருந்தியதாயினும், கிட்டங்கி துச்சிலேயாயிற்று. அதன் கதவு தம்மவர்க்கே திறந்தது என்பதையும் மறைத்தற்கில்லை. 1970களில் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளை அரசு கைக்கொண்டு அகற்றிய பின் அவ்வாழ்க்கை முறையும் மறைந்தது.

நம் பக்கத்துக் கதை வேறு. குற்றாலத்தில் தோன்றிச் சீவலப்பேரியிற் பொருநையொடு கலக்கும் சிற்றாற்றின் கரையில் உள்ளது தென்காசி. அதன் வடக்கே கடையநல்லூர். இவ்விரண்டு ஊர்களும் 2019 வரை திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. இங்கிருந்து, தறித்தொழில் நலிந்த காலத்தே, முஸ்லிம் குடும்பங்கள் பல நாகப்பட்டினத்திற் கப்பலேறின. 1926-இல் கடலிறங்கிய 'ரஜூலா' என்னும் கப்பலின் மேல்தளத்திற் பாய் விரித்து ஏறத்தாழ ஒரு வாரம் கடலிற் கிடந்தோரின் பேரர் இன்றும் அக்கப்பலின் பெயரை உறவினர் பெயர் போலச் சொல்வர். தளப்பயணியர் செயிண்ட் ஜான் தீவில் நோய்த் தடுப்புக்காக நிறுத்தப்பெறுவதும் உண்டு.

தென்னாட்டு முஸ்லிம்களுட் பலர் தனித்துச் செல்ல, இவ்விரண்டூரார் மனைவி மக்களையும் உடன் அழைத்தனர். ஒருவர் சென்று துறைமுகத்தில் வேலை பெற்றால், அடுத்தவர்க்கு அவர் தங்கிய இடமே விலாசம். இங்ஙனம் துறைமுகத்தை அடுத்த தஞ்சோங் பகார் வட்டாரத்தே அவர்கள் செறிந்தனர். அங்குள்ள கடைவீடுகளிலே மரத்தட்டியால் அறுத்த சிற்றறைகளும் பொது அடுப்பும் இருந்தன என்றால் இடநெருக்கம் விளங்கும். பெண்டிர் அம்மியில் மசாலை அரைத்துச் சந்தையில் விற்றனர். வாடகைக்கு அம்மி உதவியது என்றே நான் கருதுகின்றேன். வரலாறெழுதுவோர் கப்பலையும் துறைமுகத்தையும் எண்ணுகின்றனர், அம்மியை எண்ணுவதில்லை.

1941-இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. அடுத்த ஆண்டே நகரம் ஜப்பானியர் கைப்பட்டது. போர் முடிந்த மறு ஆண்டு, 1946-இல், சங்கத்தார் முதலிற் செய்தது சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் பெயரால் தமிழ்ப் பள்ளி தொடங்கியதே. குழந்தைகள் உள்ள இடத்திலன்றோ பள்ளி வேண்டும்! துச்சில் புக்கிலான ஆண்டு யாதென என்னை வினவினால் இதனையே சொல்வேன். 1982-இல் பள்ளி மூடப்பெற்றது. பெயர் ஒரு தமிழ்மொழி நிலையத்தின்கண் வாழ்கின்றது.

போருக்குப் பின் வீடு அரிதாயிற்று. 1947-இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழங்குடியிருப்போரைக் காத்தது. புதியவரோ 'தேநீர்க் காசு' என்னும் மறைப்பணம் கொடுத்தே அறை பிடித்தனர். 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்து அடுக்குமனைகள் எழ, தஞ்சோங் பகார்க் குடும்பங்களும் நகரெங்கும் பரந்தன. 1989 முதல், ஓர் அடுக்குமனையில் ஓரினத்தார் இத்துணைப் பங்குக்கு மேல் வீடு கொள்ளலாகாது என்னும் விதியும் வந்தது. நம்மவர் பக்கத்து வீட்டில் நம்மவர் என்ற பழைய வழி அவ்வூரில் இனி அரிது.

சிலப்பதிகாரத்திலும் இஃதொத்த நிலை ஒன்று உண்டு. மதுரையை அடைந்த கோவலன் முதலிற் கருதியது, நகரிலுள்ள தன் குலத்து வணிகரைக் கண்டு தன் நிலை கூறி இடம் பெறுவதே. ஆயின், அடைக்கலம் தந்தவள் ஆயர்குலத்து மாதரி. பிணை நின்றவர் கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவி. காவலுடைய தனி மனை ஒன்றைத் தந்து, தன் மகள் ஐயையையும் கண்ணகிக்குத் துணையாக விட்டாள் அம்முதியவள்.

உறவினரின் பையனுக்கு ஆடியில் அறை கிடைத்தது. விலாசம் தந்தவர் உடன் பணிபுரியும் இளைஞர் ஒருவர். அவர்தம் பாட்டியாரின் அடுக்குமனையில் ஓர் அறை ஒழிவாக இருந்ததாம். எந்த ஊர் என்று அம்மூதாட்டியார் பையனைக் கேட்டார். திருநெல்வேலி என்றான். தாம் கடையநல்லூர் என்று சொல்லி, மேலொன்றும் கேளாமற் சாவியைக் கொடுத்தனராம்.