நடுகல் மரபும் தற்காலச் சிற்பமும்

எளிய மனிதரின் அடையாளத்தையும் போராட்டத்தையும் வடிப்பது தற்காலச் சிற்பத்தின் முதன்மையான போக்குகளுள் ஒன்று. தமிழ்நாட்டில் நவீனக் கலையின் தொடக்கத்தை 1850இல் சென்னையில் தோன்றிய கலைப் பள்ளியோடு இணைப்பது வழக்கம். பயிற்சி முறையைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் சாமானியனுக்கும் கல்லில் இடமுண்டு என்ற எண்ணம் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. மொரப்பூர், அரூர் வட்டாரங்கள் அடங்கிய தருமபுரி மாவட்டத்து நடுகற்கள் அதற்குச் சான்று.

ஆநிரையைக் கவர்ந்தும் மீட்டும் நடந்த பூசல்களில் பட்டவர்களுக்காக எழுப்பிய கற்களே இவற்றுள் மிகுதி. பலகைக் கல்லில் வில்லும் வாளும் ஏந்தி வீரன் நிற்பான். சிலவற்றில் உடலில் அம்பு தைத்திருக்கும். பழைய கற்களில் வட்டெழுத்தில் அரசனின் ஆட்சியாண்டு வருவதுண்டு. அது காலக்குறிப்பு மட்டுமே, கல் மாண்டவனுக்குரியது. அண்டைத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போராடி மடிந்த கருந்தேவக்கத்தியை மட்டுமல்ல, கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயையும் அது பெயர் சொல்லிப் போற்றுகிறது.

நடுகல் வழிபாட்டுப் பொருள், கலைப்படைப்பு அன்று என்பர் சிலர். வழிபடப்பட்டது உண்மை, ஆயினும் யாரை நினைவில் நிறுத்துவது என்ற தேர்வு அதில் இருக்கிறது, சிற்பத்தின் சமூகப் பொருளும் அந்தத் தேர்வில்தான் பிறக்கிறது. 1959இல் மெரினாவில் நிறுவப்பட்ட தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை நடுகல்லிலிருந்து பிறந்ததன்று. ஐரோப்பிய யதார்த்தப் பாணி கற்றவரின் வெண்கலப் படைப்பு அது. பாறையைப் பெயர்க்கும் நால்வரின் முறுக்கேறிய தசையும் வளைந்த முதுகும் உழைப்பின் வலியைக் காட்டுகின்றன. ஆனால் அந்த நால்வருக்கும் பெயரில்லை. நடுகல்லிலோ பெயர் உண்டு, உருவம் பெரும்பாலும் ஒரே வார்ப்பு. ஒன்றில் குறைவது மற்றொன்றில் இருக்கிறது.

நடுகல்லைப் பொற்காலச் சின்னமாக்கினால் அதன் குறையை மறைத்தவர்களாவோம். ஆயுதம் ஏந்திய ஆணே அதில் பெரும்பாலும் நாயகன். பெண் வானமகளாகவோ உடன்கட்டை ஏறியவளாகவோதான் அதிகம் இடம்பெறுகிறாள். நாற்று நட்டவளுக்கும் கல் உடைத்தவளுக்கும் அங்கே இடமில்லை. ராம்கிங்கர் பெய்ஜ் 1938இல் சாந்திநிகேதனில் சிமெண்டும் செம்புறைக்கல் சரளையும் கொண்டு வடித்த சந்தால் குடும்பத்தில் தாயும் தந்தையும் சேர்ந்தே சுமந்து நடக்கிறார்கள். தற்காலச் சிற்பம் மரபை மிஞ்சும் இடம் இதுவே. உழைக்கும் பெண்ணின் உடலையும் பெயரையும் ஒருசேரப் பொறிக்கும் சிற்பமே நடுகல் தொடங்கிய பணியை முழுமையாக்கும்.