ஸ்டெப்னியும் கடையாணியும்

போன டிசம்பர்ல பெங்களூர்லேர்ந்து ராத்திரியோட ராத்திரியா கிளம்பி கொடைக்கானல் போனோம். பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல வர்ற சித்தப்பா, சித்தியை விடியக்காலைல கொடைரோடு ஸ்டேஷன்ல ஏத்திக்கிட்டு மலை ஏறணும்னு பிளான். கரூர் தாண்டினதும் முன் சக்கரம் பஞ்சர். ரோட்டோரக் கடையில ஒரு பையன் அஞ்சே நிமிஷத்துல ஸ்டெப்னியை மாட்டி அனுப்பிட்டான். திண்டுக்கல் தாண்டி ஸ்டியரிங் லேசா நடுங்குச்சு. ரோடுதான் சரியில்லைன்னு நெனச்சேன். கொடைரோடு வர்றதுக்குள்ள 'டொக் டொக்'னு சத்தமே வந்துடுச்சு.

ஸ்டேஷன் பக்கத்துல டயர் கடை வச்சிருந்த பெரியவர் வந்து பாத்தார். நாலு நட்டுல மூணு கையாலயே சுத்துது! சக்கரத்தைக் கழட்டினா, ஹப் முகம் பூரா துரு, பொருக்குப் பொருக்கா. கம்பி பிரஷ்ஷால தேய்ச்சுக்கிட்டே சொன்னார்: "நட்டை முடுக்கினா மட்டும் போதாது தம்பி. சக்கரம் குடத்துல உக்காரணும்."

குடம்! மாட்டுவண்டிக்காரங்க வார்த்தை. அங்கேர்ந்துதான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்குங்க.

மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு நடுவுல இருக்குறது குடம். அதுலேர்ந்து ஆரக்கால்கள் கிளம்பி வட்டையில போய் முடியும். வட்டைக்கு மேல இரும்புப் பட்டை. குடம் அச்சுல சுத்தும். அது வெளிய கழண்டு வராம அச்சோட முனையில ஒரு ஆணி. அதுதான் கடையாணி, இல்லைன்னா அச்சாணி. அவ்வளவு பெரிய தேருக்கு அந்தச் சின்ன ஆணிதான் ஆதாரம்னு வள்ளுவர் 667வது குறள்லயே சொல்லிட்டார்.

இந்த ஊருக்கும் அந்தக் குடத்துக்கும் நெருங்கின சம்பந்தம் உண்டு. திருச்சி - மதுரை ரயில் பாதை 1875ல வந்தப்ப இந்த ஸ்டேஷன் பேரு அம்மையநாயக்கனூர். கொடைக்கானல் போற வெள்ளைக்காரங்க இங்க இறங்கி, மாட்டுவண்டி பிடிச்சு பெரியகுளம் பக்கத்துல மலை அடிவாரத்துக்குப் போவாங்க. அங்கேர்ந்து குதிரை, இல்லைன்னா ஆளுங்க தூக்குற நாற்காலி. வத்தலக்குண்டு வழியா மலைக்குப் போற லாஸ் காட் ரோடு முடிஞ்சு மோட்டார் ஏற ஆரம்பிச்சது 1910களில்தான்.

அந்தக் காலத்து மோட்டார் காருக்கு ஒரு பெரிய தலைவலி உண்டு. சக்கரத்தைச் சட்டுனு கழட்ட முடியாது. 1908ல வந்த ஃபோர்டு மாடல் டி காருக்கும் ஆரம்ப வருஷங்கள்ல இதே கதைதான். பஞ்சர் ஆச்சுன்னா, சக்கரம் வண்டியில இருக்கும்போதே டயரை நெம்பி எடுத்து, டியூபுக்கு ஒட்டுப் போட்டு, கையால காத்தடிக்கணும். மழையில, இருட்டுல.

இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சவங்க வேல்ஸ்ல லனெத்லிங்கிற ஊர்ல இரும்புச் சாமான் கடை வச்சிருந்த டேவிஸ் சகோதரர்கள். வருஷம் 1904. ஆரக்கால் இல்லாத ஒரு வெறும் வளையம், அதுல காத்தடிச்ச டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழட்டாம, அதோட பக்கத்துலயே இதை கிளாம்ப் போட்டு இறுக்கிட்டு ஓட்டிட்டுப் போகலாம். அவங்க கடை இருந்த தெருவோட பேரு ஸ்டெப்னி ஸ்ட்ரீட். அந்த வளையம் காணாமப் போய் எத்தனையோ காலம் ஆச்சு. வேல்ஸ் தெருப் பேரு மட்டும் கரூர் பஞ்சர் கடைப் பையன் வாயில இன்னும் ஓடிட்டு இருக்கு!

அந்த வளையத்துக்கு வேலை இல்லாமப் பண்ணினது, முழுசாக் கழட்டி மாட்டுற சக்கரம். 1900களோட கடைசியில கோவென்ட்ரியோட ரட்ஜ்-விட்வொர்த் கம்பெனி அதைக் கொண்டு வந்துச்சு. நடுவுல ஒரே ஒரு பெரிய நட்டு. சுத்தியலால தட்டி இறுக்கணும். ஓட ஓடத் தானா இறுகட்டும்னு வண்டியோட ஒரு பக்கத்துக்கு வலது மரை, மறுபக்கத்துக்கு இடது மரை. சாதாரண கார்கள் அப்புறம் நாலஞ்சு நட்டுக்கு வந்துச்சு. அதுலயும் கிரைஸ்லர்காரங்க 1960கள் வரைக்கும் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரையே வச்சிருந்தாங்க.

இப்ப நம்ம கார்ல தலைகீழ் மரை கிடையாது. ஏன்னா, ஓட்டத்துல தானா இறுகுறதை நம்பி இந்த நட்டுகள் இல்லை. நட்டோட வேலை சக்கரத்தை ஹப்போட முகத்துல அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்துல வர்ற உராய்வுதான் சக்கரத்தை நகராமப் பிடிச்சிருக்கு. நடுவுல துரு இருந்தா, முடுக்கும்போது நல்லா இறுகின மாதிரியே தெரியும். ஓட ஓட பொருக்கு நொறுங்கி இடைவெளி விழும். அழுத்தம் போச்சு, நட்டும் கழண்டுக்கும். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன் நான்; கொடைரோட்டுல ஒரு பெரியவர் பிரஷ்ஷோட சொல்லித்தான் மண்டையில ஏறுச்சு.

அவர் மாட்டினதைப் பாத்து வச்சுக்கிட்டேன். ரெண்டு முகத்தையும் சுத்தம் பண்ணினார். சக்கரம் அந்தரத்துல இருக்கும்போதே நாலு நட்டையும் கையால ஓட்டிட்டு, எதிரெதிரா லேசா முடுக்கினார். அப்புறம் ஜாக்கியை இறக்கி, மறுபடி எதிரெதிரா முழு முடுக்கு. ஸ்பேனர் மேல ஏறி மிதிக்கலை. 'மிதிச்சா ஸ்டட்டு இழுத்துக்கும்'னார். சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 80லேர்ந்து 120 நியூட்டன் மீட்டருக்குள்ள போதும். சரியான அளவு வண்டியோட புத்தகத்துலயே இருக்கும். அலாய் வீல் போட்டவங்க இன்னொண்ணும் பாக்கணும்: நடு ஓட்டை ஹப்புக்குப் பொருந்துதா, நட்டோட முனை சக்கரத்துக் குழிக்குப் பொருந்துதா. கூம்பு முனை நட்டுக்கும் ஹோண்டாவோட உருண்டை முனை நட்டுக்கும் மரை ஒண்ணா இருந்தாலும் குழி வேற.

கிளம்பும்போது, "வத்தலக்குண்டுல நிறுத்தி இன்னொரு முடுக்கு முடுக்கிட்டு மலை ஏறுங்க"ன்னார். நிறுத்தினேன். ஒரு நட்டு கால் சுத்து போச்சு.

சித்தி பின்சீட்டுல தூங்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் இந்தக் கதை தெரியாது. யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க :-)